தர்மபுரி நோயாளியும் ஹிருதய யந்திரமும்

பலவீனமடைந்த ஹிருதயத்தைக் காக்க மார்பின் தோலுக்கடியில் யந்திரம் பொருத்துவது மேல்நாடுகளில் சகஜமாகிவிட்டது. நம் பெருநகரங்களிலும் வசதியுள்ளோர் அதைப் பெறுகின்றனர். பென்னாகரத்திலோ, அரூரை அடுத்த சித்தேரி மலையிலோ வசிக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு டாக்டர் அதைச் சிபாரிசு செய்தால் என்ன ஆகும்? விலையோ சில லட்ச ரூபாய். நிலத்தை விற்றோ, பொதுப் பணத்திலோ அதை வாங்கினால் செலவுக்கேற்ற பலன் கிட்டுமா? கேட்பதற்குக் கடுமையாயிருப்பினும் தவிர்க்க முடியாத கேள்வி இது.

ஹிருதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக ஒரு மனிதரின் உடலுக்குள் வைக்கப்பட்டது. அந்த நோயாளியான ஆர்ன் லார்சன் 2001 வரை வாழ்ந்தார். அதற்குள் 26 யந்திரங்களை மாற்றிக்கொண்டார். ஐ.சி.டி. எனப்படும் யந்திரம் 1980-ல் அமெரிக்காவில் வந்தது. துடிப்பு தறிகெட்டு ஓடித் திடீர் மரணம் நேரவிருக்கும் தறுவாயில், அது மின் அதிர்ச்சி தந்து உயிரை மீட்கிறது. ஆனால் தளர்ந்த தசைக்கு அது பலம் தருவதில்லை. சி.ஆர்.டி. என்னும் மற்றொரு வகையோ, ஹிருதயத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே துடிக்கச் செய்வதால், தகுந்த நோயாளிக்கு மூச்சுத் திணறலையும் குறைக்கிறது.

2005-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியொன்றில் 2,521 பேர் கலந்துகொண்டனர். ஐந்து வருஷங்களில், ஐ.சி.டி. இல்லாதவர்களில் நூற்றுக்கு 36 பேரும், பெற்றவர்களில் 29 பேரும் இறந்தனர். அதாவது 14 பேருக்குப் பொருத்தினால் அக்காலத்தில் ஒருவர் உயிர் அதிகமாய்த் தப்புகிறது. ரத்தக்குழாய் அடைப்பால் வராத ஹிருதய பலவீனத்தில் இந்த லாபமும் சுருங்குகிறது. டென்மார்க்கில் அத்தகைய 1,116 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், மொத்த மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே யாருக்குப் பொருத்துவது என்பதே முதற் பிரச்னை.

பிரிட்டனில், ஆரோக்கியத்துடன் கூடிய ஒரு வருஷ ஆயுளுக்கு 20,000 முதல் 30,000 பவுன் வரை செலவிடுவது தகும் என்ற அளவுகோல் நெடுங்காலம் வழங்கிவந்தது. அது நம் நாணயத்தில் 20 லட்சத்துக்குக் குறையாத தொகை. நமது தேசத்தின் தலைவீத வருமானம் வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம். அங்கே "செலவுக்கேற்ற பலனுண்டு" என்று தீர்ப்பான யந்திரம் இங்கே அத்தீர்ப்பைப் பெறாமற் போகலாம். இதைக் கொண்டு இந்தியன் உயிர் மலிவானது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது அபத்தம். யந்திரத்தின் விலை நமக்குப் பொருந்தாதது என்பதே அக்கணக்கு காட்டும் உண்மை. இவ்விதக் கணக்குகளைப் பார்க்கவென்றே மத்திய சர்க்கார் 2017-ல் ஓர் அமைப்பை ஏற்படுத்தியுள்ளது.

இதனினும் முக்கியமானது மருந்து. திருவனந்தபுரத்தில் 2013-ல் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 1,205 ஹிருதய பலவீன நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தனர். ஐந்து வருஷங்களுக்குள் நூற்றுக்கு 59 பேர் மாண்டனர். ஹிருதயத்தின் சுருங்கும் சக்தி குன்றியவர்களில், வைத்திய சாஸ்திரம் விதித்த மருந்துகளை முறையாகப் பெற்று வீடு திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்கினரே! கல்வியிலும் வைத்திய வசதியிலும் முன்னிற்கும் கேரளத்தின் கதி இதுவானால், தர்மபுரியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஸ்பைரனோலாக்டோன் என்னும் பழைய மாத்திரை, கடும் நோயாளிகளின் மரணத்தை நூற்றுக்கு 30 வீதம் குறைப்பதாக 1999-லேயே நிரூபணமாயிற்று. டாபாகிளிஃப்ளோசின் என்னும் புதிய மருந்தும் 2020-ல் இந்தியக் காப்புரிமை தீர்ந்தபின் விலை வீழ்ந்தது. திடீர் மரணத்தை முன்கூட்டியே தடுக்க ஐ.சி.டி. வைக்குமுன், மூன்று மாதமாவது மருந்துகளை முறைப்படி கொடுத்துப் பார்க்கவேண்டும் என்பது டாக்டர்களின் விதி. சிலருக்கு அதற்குள்ளேயே ஹிருதயம் தேறி, யந்திரம் தேவையற்றுப் போகிறது. மாத்திரை கிடைக்காதவருக்கு லட்சக்கணக்கில் யந்திரம் வாங்குவது பொதுப்பணத்தை விரயம் செய்வதாகும்.

அப்படியானால் ஏழைக்கு மாத்திரை, தனவந்தனுக்கு யந்திரம் என்பதா? ஒருபோதும் அன்று. துடிப்பு நின்று பிழைத்தெழுந்தவர், ஹிருதயத்தின் மின்னோட்டம் இடப்புறம் தடைப்பட்டவர் முதலியோருக்குப் பலன் தெளிவானது. அவர்களுக்குச் சர்க்காரே வாங்கித் தரவேண்டும். விலையைக் குறைத்து வாங்கவேண்டும். லட்சத்துக்கு மேலும் விற்ற ஸ்டென்ட்டை 2017 பிப்ரவரியில் 30,000 ரூபாய்க்குள் கட்டுப்படுத்த முடிந்ததே! மருந்துகளை மொத்தமாய்க் கொள்முதல் செய்து விலையைத் தணிக்கும் வித்தையை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் காட்டிவருகிறது. திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிலையம் சுதேசியாய் ஆக்கிய ஹிருதய வால்வு 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு, இதுவரை லட்சம் பேருக்கு மேல் உதவியிருக்கிறது. ஐ.சி.டி. விஷயத்தில் அத்தகைய முயற்சி ஏன் கூடாது? இறந்தோரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எடுத்துச் சுத்திகரித்த ஐ.சி.டி.களைப் பம்பாயில் 81 ஏழை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்த அனுபவம் 2012-ல் வெளியாயிற்று. தொற்றுநோய்த் தொல்லை நேரவில்லை. இது அருவருப்பானது என்று ஒதுக்காமல், தக்க சட்டப் பாதுகாப்புடன் பரிசீலிக்கத்தக்கது.

பொருத்துவதோடு செலவு தீர்வதில்லை. யந்திரத்தை அவ்வப்போது சோதிக்கவேண்டும். மின்கலம் தீர்ந்ததும் மறுபடி மாற்றவேண்டும். கூலி வேலைக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் அலையும் மனிதன் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நாள் கூலியை இழந்து சேலத்துக்கு ஓடவேண்டுமென்றால், வராமல் நின்றுவிடுவான். கணக்கெழுதும் நிபுணர்கள் இச்செலவைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

2008-ல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், வாரத்தில் ஒரு நாளையாவது ஹிருதய பலவீன நோயாளிகளுக்கென்று ஒதுக்கி, பதிவேடு வைத்து, மருந்தளவைப் படிப்படியாய் உயர்த்தி, யந்திரம் தேவைப்படுவோரைப் பொறுக்கியெடுத்து அனுப்பவேண்டும். பொருத்தியோருக்கு அங்கேயே சோதனையும் நடக்கவேண்டும். 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லாவின் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள், ரத்த அழுத்த மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறார்கள். அதே பையில் இம்மருந்துகளும் இடம்பெறவேண்டும். ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த மானியக் கோரிக்கையின்போது இதைச் சபையில் கேட்பார்களா?