16 பேர்ல ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா..?

இன்டர்னல்ஸ் முடிஞ்சாச்சா? அரியர் லிஸ்ட் வர்றதுக்குள்ள ஒரு ஜாலி ட்ரிப் அடிச்சுட்டு வந்துடலாமா? இந்த வாரம் கொஞ்சம் தூரமா போறோம். ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி கேப் எல்லாம் எடுத்துக்கங்க. பனிமலைக்கு!

முதல்லயே சொல்லிடறேன்... நான் ஸ்கீ கட்டின ஆள் இல்ல. நம்ம பனி அனுபவம் எல்லாம் ஹாஸ்டல் மெஸ் ஃப்ரீசர் வரைக்கும்தான். ஆனா ரெண்டு நாளா இதைப் பத்தித்தான் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதுல தூக்கம் போச்சு. உங்க தூக்கத்தையும் கொஞ்சம் கெடுக்கலாமேன்னுதான்!

ஸ்கீ போற பசங்ககிட்ட 'உலகத்துலயே பெஸ்ட் நாள் எது?'ன்னு கேளுங்க. பர்த்டேவும் சொல்ல மாட்டாங்க, ரிசல்ட் வந்த நாளும் சொல்ல மாட்டாங்க. 'பவுடர் டே'ம்பாங்க. ரெண்டு மூணு நாள் விடாம பனி கொட்டும். அப்புறம் மேகம் விலகி வெயில் பளிச்னு அடிக்கும். மலை முழுக்க யார் காலும் படாத புதுப் பனி, டால்கம் பவுடர் மாதிரி. அதுல சறுக்கினா கீழே தரையே இல்லாம மிதக்கற ஃபீலிங் இருக்குமாம். அதுவும் சனி, ஞாயிறா அமைஞ்சுட்டா கேட்கவே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கே காரைக் கிளப்பிடுவாங்க. லேட்டா போனா மத்தவங்க வந்து கோடு கோடா கிழிச்சுட்டுப் போயிடுவாங்களே!

மேட்டர் என்னன்னா, அந்த பெஸ்ட் நாள்தான் மலை ரொம்ப மோசமான மூடுல இருக்கற நாளும்.

ஏன்? நம்ம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கங்க. சாய்தளத்துல ஒரு பெட்டி. கீழே இழுக்கறது எம்ஜி சைன் தீட்டா. பிடிச்சு நிறுத்தறது உராய்வு. எக்ஸாம்ல ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதானே? மலைச்சரிவுல கிடக்கற பனியும் அதே பெட்டிதான். ஆனா ஒரே கட்டியா இருக்காது. லேயர் லேயரா, நம்ம கேன்டீன் பரோட்டா மாதிரி. ஒவ்வொரு தடவை பனி பெய்யும்போதும் ஒரு லேயர். நடுவுல நாலஞ்சு நாள் வானம் தெளிவா, குளிரா இருந்துச்சுன்னா, பனியோட மேல்பக்கம் இறகு மாதிரி மெல்லிசா படிகங்கள் முளைக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனா பிடிமானம் கிடையாது. அது மேல அடுத்த புயல் வந்து மூணு அடி பனியைக் கொட்டினா என்ன ஆகும்? வீட்டுல கோலிக்குண்டைப் பரப்பி அது மேல பீரோவை வெச்ச கதைதான்.

புதுப் பனி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகறதுக்கு டைம் வேணும். புயல் அந்த டைமைக் குடுக்காது. மடமடன்னு வெயிட்டை ஏத்திக்கிட்டே போகும். அதனாலதான் பெரும்பாலான பனிச்சரிவுகள் புயல் அடிக்கும்போதோ, அடிச்சு முடிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ளயோ நடக்குது. அதுலயும் 30-லிருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்வு இருக்கற இடங்கள்லதான் அதிகம். அதைவிடச் செங்குத்தா இருந்தா பனி தங்காம அப்பப்போ உதிர்ந்துடும். தட்டையா இருந்தா நகராது. ஆனா பாருங்க, சறுக்கறதுக்கு சூப்பரான சாய்வும் அதே 30-லிருந்து 45 டிகிரிதான்!

சினிமால வர்ற மாதிரி ஹீரோ கத்தினதும் மலை சரியாது பாஸ். குரலுக்கு அவ்வளவு பவர் இல்ல. ஆனா ஒரு ஆளோட வெயிட்டுக்கு இருக்கு. பனிச்சரிவுல மாட்டிக்கிட்டவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்துல, அந்தச் சரிவைக் கிளப்பி விட்டது அவங்களோ, அவங்க கூட வந்தவங்களோதான். மலை தானா வந்து மேல விழறதில்ல. நாமதான் போய் சுவிட்சைத் தட்டறோம்.

சரி, இப்போ நிஜமா நடந்த ஒரு வீக் எண்டுக்குப் போவோம்.

2012 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. இடம், அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலம். (வெள்ளை மாளிகை இருக்கற வாஷிங்டன் இல்ல, மேற்குக் கரையில சியாட்டில் இருக்கே, அது!) சியாட்டில்லேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள கார்ல போயிடக்கூடிய ஸ்டீவன்ஸ் பாஸ்ங்கற பனிச்சறுக்கு மலை. மறுநாள் திங்கக்கிழமையும் அரசு விடுமுறை. ஆக, லாங் வீக் எண்ட். அதுக்கு முன்னாடிதான் பெரிய புயல் அடிச்சு அடிக்கணக்குல பனியைக் கொட்டியிருந்துச்சு. பவுடர் டேன்னா அப்படி ஒரு பவுடர் டே!

ஒரு கேங் சேர்ந்துச்சு. மொத்தம் 16 பேர். கத்துக்குட்டிகள்னு நினைச்சுடாதீங்க. ஸ்கீ பத்திரிகை எடிட்டர், போட்டிகளுக்கு நடுவரா இருக்கறவர், அந்த ரிசார்ட்லயே வேலை பார்க்கறவர், புரொஃபஷனல் வீராங்கனைன்னு எல்லாருமே இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க. ரிசார்ட் எல்லைக்குள்ள சறுக்கறது இவங்களுக்கு மொக்கை. அதனால எல்லையைத் தாண்டி, மலையோட பின்பக்கம் இருக்கற டனல் க்ரீக்ங்கற சரிவுக்குப் போனாங்க.

இங்கே ஒரு டெக்னிக்கல் பாயின்ட். ரிசார்ட் எல்லைக்குள்ள இருக்கற பனிக்கும், வெளியே இருக்கற பனிக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா உள்ளே, புயல் அடிச்ச மறுநாள் காலையில ஜனங்களை விடறதுக்கு முன்னாடியே, பனிக் காவலர்கள் போய் வெடி வெச்சு, விழக் காத்திருக்கற பனியை விழ வெச்சுடுவாங்க. வெளியே அந்த வேலையைப் பார்க்க ஆள் கிடையாது. அங்கே வெடிக்குப் பதிலா முதல்ல இறங்கறது நாமதான்!

அதே வட்டாரத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1910 மார்ச் 1-ம் தேதி, ஸ்டீவன்ஸ் பாஸ் பக்கத்துல வெலிங்டன்ங்கற ஊர்ல, பல நாள் புயலுக்கு அப்புறம் மலை சரிஞ்சு, தண்டவாளத்துல நின்னுட்டிருந்த ரெண்டு ரயிலைப் பள்ளத்துல தள்ளிடுச்சு. 96 பேர் இறந்தாங்க. அமெரிக்க வரலாற்றுலயே அதிக உயிரைப் பலிவாங்கின பனிச்சரிவு அதுதான். அந்த மலைக்கு ஞாபக சக்தி இருந்தா, 'ஏற்கெனவே சொன்னேனே'ன்னு சொல்லியிருக்கும்.

நம்ம 16 பேர் கதைக்கு வருவோம். புயலுக்கு முன்னாடி பிப்ரவரி ஆரம்பத்துல அங்கே வானம் தெளிவா இருந்துச்சு. அதே இறகுப் படிகங்கள் முளைச்சு, புதுப் பனிக்கு அடியில புதைஞ்சிருந்துச்சு. பனிச்சரிவு அபாயம்னு எச்சரிக்கையும் வந்திருந்துச்சு. அதைப் படிக்கத் தெரியாத ஆட்கள் இல்ல இவங்க.

மேலேர்ந்து சிலர் இறங்க ஆரம்பிச்சாங்க. பனியில ஒரு விரிசல். சுமார் 200 அடி அகலம், 3 அடி ஆழத்துக்கு ஒரு பாளம் அப்படியே கழண்டுச்சு. சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 60 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், நீளத்தை 30 மீட்டர்னு குறைச்சே வெச்சுக்கங்க. ஒரு கன மீட்டர் புதுப் பனியை வெறும் 100 கிலோன்னு எடுத்துக்கிட்டாலே 180 டன். வரிசையா பத்துப் பன்னெண்டு லோடு லாரி மேல வர்ற மாதிரி. அதுவும் ஆரம்பிக்கும்போதுதான். போகப் போக வழியில இருக்கற பனியையும் சேர்த்துக்கும்.

ஒருத்தர் மரத்தைக் கட்டிப் பிடிச்சு நின்னு தப்பிச்சார். நாலு பேரை அது அடிச்சுட்டுப் போச்சு. மூணு பேர் இறந்துட்டாங்க. நாலாவது ஆள், எலைஸ் சாக்ஸ்டாட்ங்கற வீராங்கனை. முதுகுல ஏர்பேக் மாட்டியிருந்தாங்க. கயிற்றை இழுத்ததும் கார் ஏர்பேக் மாதிரி ஊதிக்கும். பெரிய பொருள் மேலே வரும், சின்னது அடியில போகும்ங்கறதுதான் லாஜிக். கடலை மிக்ஸர் டப்பாவைக் குலுக்கிப் பாருங்க, புரியும். முகமும் கையும் மட்டும் வெளியே இருக்க, உடம்பு அசைக்க முடியாம இறுகிக் கிடந்தாங்க. கூட வந்தவங்க வந்து தோண்டி எடுத்தாங்க.

இதை ஜான் பிராஞ்ச்ங்கற நிருபர் 'ஸ்னோ ஃபால்'ங்கற பெயர்ல நியூயார்க் டைம்ஸ்ல எழுதினார். 2012 டிசம்பர்ல வந்துச்சு. 2013-ல புலிட்சர் பரிசும் வாங்குச்சு. இதுக்காக அவர் பிழைச்சவங்களை எல்லாம் உட்கார வெச்சுப் பேசியிருக்கார். அதுலதான் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இருக்கு.

அவங்கள்ல பல பேருக்கு, மேலே நிக்கும்போதே மனசுல ஏதோ நெருடியிருக்கு. 'ஆள் ரொம்ப அதிகமா இருக்கே... இன்னிக்கு இந்த இடம் சரிதானா?' ஆனா 'வேண்டாம், திரும்பிடலாம்'னு யாரும் கேங்கை நிறுத்தல. ஏன்? சுத்திப் பார்த்தா எல்லாம் ஜாம்பவான்கள். 'இவங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சுடப் போகுது?' ஒவ்வொருத்தரும் அடுத்தவரைப் பார்த்துத் தைரியமானாங்க. அந்த அடுத்தவர் இவரைப் பார்த்துத் தைரியமாயிட்டிருந்தார்!

இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. இயன் மெக்காமன்ங்கறவர் அமெரிக்காவுல நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். அபாயத்துக்கான அறிகுறி கண்ணுக்கு முன்னாடி இருந்தும் ஜனங்க ஏன் இறங்கறாங்கன்னு பார்த்தார். அவர் சொன்ன காரணங்களைக் கேளுங்க. பழகின இடம்தானே. கிளம்பி வந்தாச்சு, இனி எப்படித் திரும்பறது. கூட இருக்கற எக்ஸ்பர்ட் பார்த்துப்பார். நாம போகலேன்னா வேற எவனாவது முதல்ல போயிடுவான். நாலு பேர் முன்னாடி, குறிப்பா பொண்ணுங்க முன்னாடி, கெத்து போயிடக் கூடாது... இதுல எதுவும் பனியைப் பத்தினது இல்ல கவனிச்சீங்களா? எல்லாமே நம்மளைப் பத்தினது. நம்ம கேங்குக்கும் அப்படியே பொருந்துது. ஆழம் தெரியாத ஆத்துல 'டேய், எல்லாரும் குதிக்கறாங்கடா'ன்னு இறங்கற கேங் எதுவா இருந்தாலும்தான்.

நம்ம நாட்டுலயும் இது நடக்குது. காஷ்மீர்ல குல்மார்க் தெரியும்ல? ரோப் கார்ல ஏறினா சுமார் 4,000 மீட்டர் உயரத்துல, அஃபர்வத் மலையில போய் இறக்கி விட்டுடும். 2023 பிப்ரவரி 1-ம் தேதி அங்கே சரிஞ்ச பனியில போலந்து நாட்டுக்காரங்க ரெண்டு பேர் இறந்தாங்க. 2024 பிப்ரவரியில ஒரு ரஷ்யர். வேலை கிடைச்சதும் முதல் ட்ரிப் குல்மார்க்தான்னு உங்கள்ல எத்தனை பேர் பிளான் வெச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தாராளமா போங்க! ஆனா இதையும் பையில போட்டுக்கங்க.

புயல் முடிஞ்ச மறுநாள் வெயில் அடிச்சா, கயிறு கட்டின எல்லைக்குள்ளயே இருங்க. அங்கேயும் அதே பனிதான், அதே செல்ஃபிதான். எல்லையைத் தாண்டித்தான் ஆகணும்னா, முறையா கத்துக்கிட்டு, உள்ளூர் கைடோட, அன்னிக்கு வந்த பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிச்சுட்டுப் போங்க. ஆளுக்கு ஒரு பீக்கன் கட்டாயம். 457 கிலோஹெர்ட்ஸ்ல சிக்னல் அனுப்பற சின்ன டப்பா அது. பனிக்குள்ள குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட மண்வாரி. புதைஞ்சவரை 15 நிமிஷத்துக்குள்ள எடுத்துட்டா பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பாங்கன்னு ஸ்விட்சர்லாந்து கணக்கு ஒண்ணு சொல்லுது. 35 நிமிஷம் ஆயிட்டா பத்துக்கு மூணு பேர்தான். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க டைம் கிடையாது. காப்பாத்த வேண்டியது பக்கத்துல நிக்கற ஃப்ரெண்டுதான். அதனால சரிவுல ஒவ்வொருத்தரா இறங்குங்க. மத்தவங்க ஓரமா, பத்திரமான இடத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

கடைசியா, காசே செலவில்லாத ஒரு பாதுகாப்புக் கருவி. பனிமலைக்குப் போற பல கேங்குகள் கிளம்பும்போதே ஒரு ரூல் போட்டுக்கறாங்க. யாராவது ஒருத்தர் 'வேண்டாம்'னு சொன்னா, மொத்த கேங்கும் திரும்பிடணும். சொன்னவர் ஜூனியரா இருந்தாலும் சரி, ஏன்னு விளக்கத் தெரியாட்டாலும் சரி. சாயங்காலம் டீ குடிக்கும்போது அவரை யாரும் ஓட்டவும் கூடாது. இந்தக் கடைசி கண்டிஷன்தான் ரொம்ப முக்கியம். ஓட்டுவாங்களோங்கற பயத்துலதான் பாதிப் பேர் வாயே திறக்கறதில்ல.

அடுத்த ட்ரிப்புக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பீங்கல்ல... வண்டி யாருது, காசு எவ்வளவுன்னு பேசறதுக்கு முன்னாடி முதல் மெசேஜா இந்த ரூலைப் போடுங்க. முதல்ல உங்க கேங்ல இருக்கற அந்த அமைதியான பார்ட்டிக்கு டேக் பண்ணுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம், பை!