விடை சொன்னவர்களுக்கு முடிவு எங்கே?

டில்லியில் 1963-இல் ரஜனி கோத்தாரி நிறுவிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தை இலக்கிய வாசகர்களாகிய நாம் போதிய அளவு அறிந்துகொள்ளவில்லை. அரசியலைச் சாதி கெடுத்துவிட்டது என்று பலரும் புலம்பியபோது, அரசியலும் சாதிக்குள் புகுந்து அதை மாற்றுகிறது என்று காட்டியவர் அவர். சாதியும் அரசியலும் குறித்து அவர் தொகுத்து 1970-இல் வெளிவந்த நூலில், தமிழக நாடார்களைப் பற்றிய ஹார்ட்கிரேவின் கட்டுரையும் உண்டு.

அம்மையத்தின் 'லோக்நீதி' ஆய்வுக்குழு 1996 முதல் ஒவ்வொரு மக்களவைத் தேர்தலையும் ஆராய்ந்து வருகிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்களைத் தெரிவுசெய்து, வீடு தேடிச் சென்று, அவரவர் மொழியிலேயே வினவுகின்றனர். வாக்களிப்பதில் ஏழைகள் பின்தங்கியவர்கள் அல்லர் என்பது இவ்வாய்வுகள் தெளிவாக்கிய உண்மைகளுள் ஒன்று.

வினா தமிழில் வருகிறது. நம் மக்கள் தமிழில் விடையளிக்கின்றனர். ஆய்வு நூல்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. இந்தியில் அம்மையமே 2013-இல் 'பிரதிமான்' என்னும் ஆய்விதழைத் தொடங்கியது. தமிழுக்கும் டில்லியே செய்யட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. அயல்மொழிக் கவிதைக்கும் கதைக்கும் மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப்பிடித்த நம் சிற்றிதழ்கள், இதழுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரைக்கேனும் இடமளிக்கலாகாதா? விடை சொன்னவர்களிடம் முடிவைக் கொண்டுசேர்ப்பது நம் கடனே.