பொழுது படுமுன் ஒரு நடை



இம்மாதம் ஒரு சிறிய நடையைப் பற்றி உங்களோடு கதைக்கப் போகிறேன். ஏற அரை மணி நேரம், இறங்க அரை மணி நேரம். அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்கு வெளிக்கிட எனக்கு இரண்டு மாதங்கள் எடுத்தன.

நான் செங்கலடிப் பக்கத்தவள். மகள் கலியாணம் முடித்து மலைநாட்டுக்குப் போனாள். பேரப்பிள்ளை பிறந்தபோது உதவிக்கென்று நானும் போனேன். அவர்களுடைய வீடு பசறைக்கு அப்பால், லுணுகலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் ஊரில் ‘பதுளை வீதி’ என்று சொல்வோமே, அதே தெருதான். பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை எல்லாம் சுற்றி வந்து செங்கலடியில் முடிகிற ஏ5 தெரு. நான் பிறந்தது அதன் ஒரு நுனியில். இப்போது இருப்பது அதன் நடுவில்.

பக்கத்து லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பின்னேரம் ஐந்து மணியானால் கையில் ஒரு கம்போடு வாசலில் வந்து நிற்பார். “வாங்க தங்கச்சி, மேட்டுக்குப் போயிட்டு வருவோம்” என்பார். லயத்துக்குப் பின்னால் தேயிலை முடிகிற இடத்திலிருந்து அந்த மேடு எழும்புகிறது. மரம் இல்லை, முழுதும் மானாப்புல். ஆடி, ஆவணி மாதங்களில் அந்தப் புல் காய்ந்து, பின்னேர வெயில் பட்டால் அறுவடைக்கு நிற்கிற வயலைப் போல மினுங்கும்.

பிள்ளை அழும், உலை வைக்க வேண்டும், முழங்கால் நோகிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டுச் சொன்னேன். உண்மையான காரணம் புல். 2007 இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில், “தெருவை விட்டு இறங்காதே, புல்லுக்குள் கால் வைக்காதே” என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தேன். மாடு பார்க்கப் போன என் தம்பி கால் இழந்தது புல்லுக்குள்தான். மட்டக்களப்பு மாவட்டத்தில் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டுவிட்டன என்று 2017 இல் அறிவித்தார்கள். அறிவித்தல் காதுக்கு வந்தது, காலுக்கு வரவில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இது விளங்கும்.

ஒரு நாள் அக்காவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இங்க வெடி கிடையாது தங்கச்சி. தேள் இருக்கும், பாம்பு இருக்கும். நான் முன்னால போறேன், நான் கால் வச்ச எடத்துல வச்சு வாங்க” என்றார். அப்படித்தான் ஏறினேன். முதல் நாள் அவருடைய குதிக்காலைத் தவிர நான் வேறொன்றையும் பார்க்கவில்லை.

மூன்றாம், நான்காம் நாளில்தான் தலை நிமிர்ந்தது. மானாப்புல்லைக் கசக்கி மணந்தால் தேசிக்காய் போல ஒரு வாசம். இடையிடையே நெல்லி மரங்கள். ஒவ்வொன்றின் அடியும் கரி பிடித்துக் கறுத்திருந்தது. கோடையில் ஆடு மாட்டுக்குப் புதுப் புல் முளைக்கட்டும் என்று சிலர் நெருப்பு வைத்துவிடுவார்களாம். நெல்லிக்குப் பட்டை தடிப்பு, அதனால் தப்பிவிடும். ஆனால் புல் எரிந்த சரிவில் மழை விழுந்தால் மண் கழுவுண்டு போகும். ஒரு நெருப்புக்குச்சியால் அடுத்த மலையிலுள்ள மரத்தோட்டமும் பற்றிக்கொள்ளும். அதனால் அக்கா அங்கே யாரையும் பீடி பற்றவைக்க விடமாட்டார்.

எந்நேரமும் காற்று. காய்ந்த காற்று, உதட்டை வெடிக்க வைக்கிற காற்று. “இது என்ன காற்று அக்கா?” என்று கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுடைய கச்சான்! யாழ்ப்பாணத்தவர் சோளகம் என்பார்களே, அதுதான். தென்மேற்கிலிருந்து வருகிற காற்று மலைகளின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமின்றி இந்தப் பக்கம் இறங்குகிறது. ஒவ்வொரு 100 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு பாகை சூடேறும். மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது அது அனலாகிவிடும். எங்கள் வயலை வெடிக்க வைக்கிற அதே காற்றுத்தான் ஆடி முதல் புரட்டாதி வரை ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன வாசத்தைக் கொடுக்கிறது. “வாசம் தொரைக்கு. கொழுந்து கொறஞ்சா நமக்கு அரைப்பேரு” என்றார் அக்கா.

உச்சியில் ஒரு தட்டைக் கல் உண்டு. அதில் இருந்து கிழக்கே பார்த்தால் மலைகள் படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் மங்கலாக ஒரு சமவெளி தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்க இறங்க, மலைகளின் நிழல் அந்தச் சமவெளியின் மேல் மெல்லப் படரும். சின்ன வயதில் எங்கள் வயல் வரம்பில் நின்று மேற்கே நீலமாகத் தெரிகிற மலைகளைப் பார்த்திருக்கிறேன். சூரியன் அங்கே போய் விழுவதால்தானே எங்கள் பக்கத்துக்குப் படுவான்கரை என்று பெயர். இப்போது அதை மறுபுறத்திலிருந்து பார்த்தேன்.

அக்கா அங்கு ஏறுவது காற்று வாங்க அல்ல. அவருடைய தங்கை 1977 கலவரத்துக்குப் பின், புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கீழ்நாட்டுக்குப் போனாராம். அப்படி வந்து எங்கள் பதுளை வீதியோரம் குடியேறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். காடு வெட்டிச் சேனை செய்தவர்கள். பிறகு அவர்களும் எங்களோடு சேர்ந்து ஓடினார்கள். “தொண்ணூறு வரைக்கும் கடுதாசி வந்திச்சு, அப்புறம் இல்ல. அந்தப் பக்கந்தானே இருக்கா, பார்த்துட்டுப் போவோம்னு வருவேன்” என்றார். பிறகு, “உங்க ஊரு எங்க தங்கச்சி?” என்று கேட்டார்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதும் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு கொப்பித் தாளில் தங்கையின் பெயர், புருஷனின் பெயர், பிள்ளைகளின் பெயர், போன ஆண்டு, கடைசிக் கடிதத்தில் இருந்த ஊர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பிரிந்துபோன உறவுகளைத் தேடிக்கொடுக்கிற வேலையைச் செஞ்சிலுவைச் சங்கமும் செய்கிறது. அவர்களுக்கும் ஒன்று கொடுத்தோம். இதுவரை பதில் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் தன்னிடம் அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதவில்லை என்று அக்கா சொன்னதுதான் இப்போதைக்குக் கிடைத்த பதில்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு அருகிலும் ஒரு மேடோ, குளக்கட்டோ, கடற்கரையோ இருக்கும். கிழமையில் இரண்டு நாளாவது பொழுதுபட ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய் வாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு ரோச் லைற்றும் கையில் இருக்கட்டும். இருட்டுமுன் இறங்கிவிடுங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்களில் இருப்பவர்கள், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். அங்கே பயப்படுவதுதான் சரி. ஆட்கள் நாளாந்தம் நடக்கிற பாதையிலேயே நடவுங்கள்.

பயமாக இருந்தால், பாதை தெரிந்த ஒருவரை முன்னால் விட்டு, அவர் கால் வைத்த இடத்தில் கால் வையுங்கள். நான் இப்போதும் அப்படித்தான் ஏறுகிறேன். ஆனால் இறங்கும்போது நான் முன்னால், அக்கா பின்னால். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல்.

அடுத்த மாதம் சந்திப்போம்.