மேகிக்கு ஒரு நியாயம்

கமல்ஹாசனின் ‘பஞ்சதந்திரம்’ படம் வந்தது 2002இல். கல்யாணமான ஐந்து நண்பர்கள், பெங்களூருவில் காசுக்கு வரும் மேகி, அவள் செத்துவிட்டாள் என்ற பதற்றம். முதல் சிரிப்பு அடங்குவதற்குள் கிரேஸி மோகனின் அடுத்த வசனம் வந்து விழும். இன்றைக்கும் டிவியில் போட்டால் எழுந்து போக மனம் வராது. ஆனால் ஐவரின் பயமெல்லாம் பெண்டாட்டிக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். ரம்யா கிருஷ்ணன் அத்தனை மிடுக்காக நடித்த மேகியின் மனசில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இதே மோகனும் இயக்குநர் கே.எஸ்.ரவிக்குமாரும்தான் 1996இல் ‘அவ்வை சண்முகி’யில், சம்பளத்துக்கு வேலைக்கு வந்த மாமியிடம் ஜெமினி கணேசனை மயங்கவைத்தார்கள். (மாமியே கமல்தான் என்பது வேறு விஷயம்.) நாம் விழுந்து விழுந்து சிரித்தாலும், அந்தப் பெரியவரின் தனிமையைப் படம் கேவலப்படுத்தவில்லை. வயசான ஆணின் ஆசைக்குக் கிடைத்த அந்த மரியாதை மேகிக்குக் கிடைக்கவில்லை. சிரிப்பில் இரண்டும் சமம். என் ஓட்டு சண்முகிக்கே.