கோப்பிக்கொட்டை பார்த்து வாங்குவோம்



வீட்டுக்கு வந்தவரைக் கோப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் நம்மிடம் இல்லை. செத்த வீட்டிலும் கோப்பிதான். ஆனால் ஒருத்தியின் உழைப்பில் நடக்கும் வீட்டில் அந்தத் தூளுக்குப் போகும் காசையும் எண்ணித்தான் ஆகவேண்டும். மலிவான பைக்கற்றுத் தூளை விட, பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் வறுப்பதே நல்லது என்பது எனது எண்ணம்.

தூளில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரியாது. சிக்கரி, வறுத்த தானியம், புளியங்கொட்டை கூடக் கலப்பதுண்டு. சந்தேகமானால் குளிர்ந்த தண்ணீரில் சிறிது தூளைத் தூவிப் பாருங்கள். கோப்பி சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில விநாடிகளில் மண்ணிறக் கோடு இழுத்தபடி அடிக்குப் போகும். சிக்கரி நஞ்சல்ல, கோப்பி விலைக்கு அதை விற்பதுதான் குற்றம். நாமே மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடிப்பது வேறு கதை. அது கலப்படமா? கைமருந்து!

கடையில் கொட்டையை ஒரு பிடி அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சண நாற்றமோ ஈரச் சாக்கு மணமோ இருந்தால் வேண்டாம். நிறம் ஒரே சீராக, பச்சை கலந்த சாம்பலாக இருக்க வேண்டும். வெளிறியது பழசு. கறுத்தது, உடைந்தது, சிறு துளை விழுந்தது அதிகமென்றால் விலை குறைவென்று மயங்காதீர்கள். நன்றாகக் காய்ந்த கொட்டையில் பல் எளிதில் பதியாது. நீளமாய்த் தட்டையாய் இருப்பது அரபிக்கா, விலை கூடியது. உருண்டையாய் இருப்பது ரொபஸ்டா. கசப்பும் கடுப்பும் கூடினாலும், மல்லி போட்டுக் குடிக்கும் நமக்கு அது தாராளமாகப் போதும். 1869 இல் இலங்கைக்கு வந்து கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை நன்கு தாங்கும் இனமும் இதுதான்.

வறுத்த கொட்டையென்றால் கரிபோல் கறுத்ததை வாங்க வேண்டாம். பழுதான கொட்டையை மறைக்கவும் அப்படிக் கருக்குவார்கள்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை வறுத்தால் 800 முதல் 850 கிராம் வரைதான் தேறும். விலை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் எடுங்கள். பச்சைக் கொட்டை ஈரம் படாவிட்டால் பல மாதம் இருக்கும். தூளின் மணமோ ஓரிரு வாரத்தில் போய்விடும். ஆகவே அயலவர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொட்டையை வாங்கிப் பங்கிட்டு, கிழமைக்குத் தேவையானதை மட்டும் வறுக்கலாம். தாச்சியில், மெல்லிய நெருப்பில், கை விடாமல் கிளற வேண்டும். படபடவென்று வெடித்து நல்ல மண்ணிறம் வந்ததும் உடனே சுளகில் கொட்டிப் புடைத்து ஆற விடுங்கள். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகிவிடும். இடம்பெயர்வில் உரல் உலக்கையைப் பறிகொடுத்தவர்கள் மில்லில் அரைக்கலாம். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஒரு கோப்பைக்குத் தட்டையாக இரண்டு தேக்கரண்டி போதும். கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி, மூடி, நாலைந்து நிமிடம் மண்டி இறங்க விடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு வெறுங்கோப்பியோடு பகலைக் கடத்தும் தாய்மாருக்கும் ஒரு சொல். கோப்பி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுப்பதைக் குறைக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைக் கோப்பியோடு விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகள் நாளுக்கு ஒரு கோப்பை, மிஞ்சினால் இரண்டு சிறு கோப்பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.