பறிபோன பதக்கம், செங்கல் சூளை, கோச் வேலை... சாந்தியின் பயணம் கல்வராயன் மலைக்கு ஏன் முக்கியம்?

கள்ளக்குறிச்சி என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 2024 ஜூன் மாதம் நடந்த விஷச் சாராயச் சாவுகள்தான். 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதன் பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது. மலைப் பிள்ளைகளுக்கு வேறு என்ன வழி என்ற கேள்விக்கு விளையாட்டும் ஒரு பதில். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ஆனா அந்த இடத்துக்குப் போக முதல்ல ஒரு கோச் வேணும்.

யார் இந்த சாந்தி?

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி சௌந்தரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. சொந்த ஊர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

சூளைக்குத் திரும்பியது ஏன்?

கோச் வேலை கிடைத்தது, ஆனா தற்காலிகம்தான். நிலையான சம்பளம் இல்லை. 2012-ல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்வது செய்தியாகி நாடே அதிர்ந்தது. பிறகு பெங்களூருவில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்தார். அதன் பின்னரே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் பணி நிரந்தரமானது.

பி.டி. மாஸ்டர் இருந்தா போதாதா?

உடற்கல்வி ஆசிரியர் பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்கணும். கோச் ஒரே விளையாட்டில் தேர்ச்சி பெற்றவர். எந்த வயசுல எவ்வளவு ஓடலாம், காயம் பட்டா எத்தனை நாள் ஓய்வு, எந்தப் போட்டிக்கு எப்போ தயாராகணும் என்பதை வருஷக்கணக்கில் திட்டமிடுவார்.

கல்வராயன் மலையில் என்ன செய்யணும்?

மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பழகிய பிள்ளைகள் என்று பாராட்டினா மட்டும் பதக்கம் வராது. வெள்ளிமலை போன்ற இடத்தில் தங்கிப் பயிற்சி தரும் ஆளுக்கு முதலில் நிரந்தரச் சம்பளம் வேணும். பிள்ளைகளுக்கு மைதானமும் சத்தான சாப்பாடும் வேணும். ஒப்பந்தம் முடிந்து கோச் கிளம்பிட்டா, பாதியில் நிற்பது அவரை நம்பி வந்த பிள்ளையின் ஓட்டமும்தான். ஆசியப் பதக்கம் வென்றவரையே சூளைக்கு அனுப்பிய நிலைமை, மலையில் யாரும் அறியாமல் ஓடும் பிள்ளையைச் சும்மா விடுமா?