கடன் இல்லாமல் அனுப்புங்கள்

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவன மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

தச்சநல்லூரிலிருந்து எழுதுகிறேன். 2014 ஜூலை 5ஆம் தேதி கொச்சி விமான நிலையத்தில் வந்திறங்கிய 46 நர்சுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள், ஆயுதக் குழுவின் பிடியில் சிக்கி மோசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு மீண்டவர்கள். பெரும்பாலோர் மலையாளிகள், நம் பக்கத்துத் தூத்துக்குடிப் பெண்ணும் ஒருவர் இருந்தார். சண்டை நெருங்கிவிட்ட பிறகும் அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. படிப்புக்கு வாங்கிய கடன், ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் இரண்டும் அப்படியே நிற்க, வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் படி ஏறுவது? குண்டைவிட வட்டி பயமுறுத்தியிருக்கிறது. வெளிநாடு போகும் நர்சின் கடனை அவருடைய சொந்தப் பணப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆபத்து வரும்போது கிளம்பி வர முடியுமா, மோசமான ஒப்பந்தத்தை உதற முடியுமா என்பதையெல்லாம் அந்தக் கடன்தான் தீர்மானிக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழான விதிகள், உரிமம் பெற்ற ஏஜென்ட், வேலைக்குப் போகும் ஒருவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம் என்கின்றன. அந்த உச்சவரம்பு இன்னும் குறைவாக இருந்த காலத்தில், குவைத் சுகாதாரத் துறைக்கு ஆள் எடுத்த கொச்சி ஏஜென்சி ஒன்றின் மீது 2015இல் சிபிஐ வழக்குப் பதிந்தது. 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கியது என்பது குற்றச்சாட்டு. சரியாக நூறு மடங்கு! அதே ஆண்டு மத்திய அரசு, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு முகமைகள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 1978இல் தொடங்கிய உங்கள் நிறுவனத்துக்கும் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஆனால் ஜெர்மனியும் பிரிட்டனும் அந்தப் பதினெட்டில் இல்லை. இன்று நம் பிள்ளைகளின் கண் அந்தப் பக்கம்தான் போகிறது.

நம் ஆஸ்பத்திரிகளிலேயே ஆள் பற்றாக்குறை இருக்க, மக்கள் வரிப்பணத்தில் ஏன் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்சுகள் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்ததும், 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடியதும் இந்த மாநிலத்தில்தான். கொரோனாவுக்காக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. மாற்றுப் பணி என்ற பேச்சு பிறகுதான் வந்தது. தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, சிறிய மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016இலேயே பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருக்கிறது. ஆக, நர்சுகள் இல்லாமல் போகவில்லை. அவர்களுக்கு நிரந்தர இடமும் சோற்றுக்குக் காணும் சம்பளமும் இல்லை. அதைச் சரிசெய்வது உங்கள் துறை வேலை அன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் உதவாவிட்டால் யாரும் போகாமல் நின்றுவிடப் போவதில்லை. கடனோடு போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உரிமம் உள்ள ஏஜென்ட் யார் என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாமே, ஏமாந்தால் புகார் தரலாமே என்பது இன்னொரு வாதம். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு எதைக் காட்டிப் புகார் தருவது? அதுவும் பாஸ்போர்ட்டும் சான்றிதழும் அந்த ஏஜென்ட் கையில் இருக்கும்போது? அரசு நிறுவனம் மெத்தனம், தனியார்தான் வேகம் என்பதையும் கேட்டிருப்பீர்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஏஜென்ட் ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்கிறார். அந்த இடத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும்.

செலவை யார் ஏற்பது என்பதற்கு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்கா ரூட்ஸ் நிறுவனம், ஜெர்மனியின் அரசு முகமைகளோடு 'ட்ரிபிள் வின்' ஒப்பந்தம் செய்தது. பி1 நிலை வரையிலான ஜெர்மன் பயிற்சிக்கு நர்சிடம் காசு வாங்குவதில்லை. ஆள் தேவைப்படும் பக்கம் செலவை ஏற்கிறது. தச்சநல்லூரிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், உங்கள் சென்னை அலுவலகம் 600க்கும் மேல். கேரளத்தின் கதவு எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தாலும் அது அவர்கள் வீட்டுக் கதவு.

எனவே, வேலை தருபவரே செலவை ஏற்கும் ஒப்பந்தங்களில் மட்டும் உங்கள் நிறுவனம் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு வேலைக்கும் நர்ஸ் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு என்று தமிழில் வெளியிடட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை வளாகத்திலேயே ஒரு மேசை போட்டு, ஏஜென்ட் நீட்டும் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படித்துச் சொல்ல ஒருவரை உட்கார வையுங்கள். மாலையில் அங்கேயே ஜெர்மன் வகுப்பு நடக்கட்டும். தச்சநல்லூரிலிருந்து அங்கே டவுன் பஸ்ஸிலேயே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தச்சநல்லூர்வாசி ஒருவர்